முப்பத்து நாலு தவணை... ஒரு கொலை!

"ஐயோ... யாராவது வாங்க! கொக்கியை அடிச்சுப் போட்டுட்டாங்க!"

அலறியது ஃபைனான்ஸ் முதலாளி.

காலை எட்டே கால் மணி. தவணை கட்டாதவர்களிடமிருந்து பறித்து வந்த லாரிகள் வரிசையாக நிற்கும் யார்டு. முன் வரிசையில், கழுவித் துடைத்து, டயருக்குக் கறுப்பு பூசி நின்ற சிவப்பு லாரி. அதன் கிளீனர் பக்கக் கதவைத் திறந்து ஏறியவர், ஏறிய வேகத்தில் இறங்கினார்.

இறங்கவில்லை. விழுந்தார்!

உள்ளே, டிரைவர் சீட்டில், ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து கிடந்தான் கொக்கி.

கொக்கி என்பது பட்டப்பெயர். கம்பெனியின் வசூல் ஆள். ஓடுகிற லாரியை வழிமறித்து, ஓட்டியவனை இறக்கிவிட்டு, சாவியைப் பிடுங்கி வருவது அவன் தொழில். எத்தனையோ பேரை வண்டியை விட்டு இறக்கியவன்... இன்று அவனே இறங்க முடியாமல் கிடந்தான்!

எட்டே முக்காலுக்கு ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். நாற்பது வயது. சிரிக்காமலே நக்கலடிக்கும் முகம். கிளீனர் பக்கமாக ஏறி, உள்ளே பார்த்தாள்.

நெற்றிப் பொட்டில் ஒரே அடி. டிரைவர் கதவை ஒட்டிய பக்கம். காயம் இன்னும் முழுதாக உலரவில்லை. சாவி ஸ்டீயரிங் பக்கத்தில் தொங்கியது. லாரிக்கு அடியில் ஒரு வீல் ஸ்பேனர். துடைத்துச் சுத்தமாக!

"இந்த யார்டிலேயே சுத்தமா இருக்கிற ஒரே பொருள் இதுதான்" என்றாள் கான்ஸ்டபிளிடம். "எடுத்து வைய்யா."

"மேடம்..." முதலாளி பக்கத்தில் வந்தார். "யார் செஞ்சான்னு எனக்குத் தெரியும்!"

"அப்படியா? அப்போ நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

"நேத்து சாயந்திரம் ஒரு டிரைவர் என் ஆபீஸ்ல வச்சு கொக்கியோட சட்டையைப் பிடிச்சான். 'வண்டி என் கைக்கு வரட்டும், முதல் சக்கரம் உன் மேலதான் ஏறும்'னு கத்தினான். ஆபீஸே பார்த்துச்சு!"

"எங்க அந்த டிரைவர்?"

"இந்த வண்டியை வாங்கினவனே அவன்தான். ஒன்பது மணிக்கு வருவான்..."

வந்தான்.

பத்தொன்பது வருடம் அடுத்தவன் லாரியைக் கூலிக்கு ஓட்டியவன். இன்று முதல்முறையாகச் சொந்த லாரி! சலவைச் சட்டை. பக்கத்தில் மனைவி, கையில் சீட்டுக்குப் போட அவளே தைத்த மெத்தை. கழுத்தில் இருந்த சங்கிலி இல்லை. அது முன்பணமாகப் போய்விட்டது. பின்னால் அவன் அண்ணன். தையல் கடைக்காரர். கழுத்தில் இஞ்ச் டேப். ஐம்பத்தைந்து வயதிலும் வளையாத முதுகு. கடனுக்கு ஜாமீன் அவர். அவர் வீட்டுப் பத்திரம் இந்த முதலாளியின் பெட்டியில்.

மூன்று பேரும் கேட்டைத் தாண்டி நாலடி வைக்கவில்லை. கான்ஸ்டபிளின் கை டிரைவரின் தோளில் விழுந்தது.

"வாப்பா! உனக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்!"

"எ... என்ன சார்? எதுக்கு?"

"நேத்து சொன்னியே சக்கரம்... அது ஏறிடுச்சு. எதுக்கு ஏத்தினே?"

டிரைவருக்கு விஷயம் புரிந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. அடுத்த நொடி... முகம் முழுக்க ரத்தம்!

"நானா? நான் ஏன் சார் கொல்றேன்? என் வண்டி சார் அது! என் வண்டிக்குள்ள நானே பொணத்தைப் போட்டுக்குவேனா?"

"நேத்து சட்டையைப் பிடிச்சது?" இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"பிடிச்சேன் மேடம். இல்லைன்னு சொல்லமாட்டேன். எங்க அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போட்டுட்டு அந்தப் பக்கம் போறாரு. இவன் சிரிக்கிறான். 'இந்தத் தையக்காரன் கையெழுத்தை நம்பி டீக்கடையில ஒரு டீ கூட தரமாட்டான்'னு சொல்றான்! எங்கண்ணனை...! அப்பா செத்தப்புறம் ராத்திரி பகலா மிஷின் மிதிச்சு என்னை வளர்த்தவரை! விட்டிருக்கணுமா?"

"கத்தாதே."

"கத்துவேன் மேடம்! பத்தொன்பது வருஷம் வாயை மூடிக்கிட்டுதான் ஓட்டினேன்!"

இன்ஸ்பெக்டர் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு முதலாளியிடம் திரும்பினாள்.

"கொலை நடந்த இடம் இந்த யார்டு. வண்டி கம்பெனி வண்டி. செத்தவர் கம்பெனி ஆள். இங்க நிக்கிற ஒவ்வொரு லாரியோட ஃபைலும் எனக்கு வேணும். கேட்டைப் பூட்டி சீல் வைக்கிறேன்."

முதலாளி கேட்டையும் ஆபீஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லா... ஃபைலுமா? எதுக்கு மேடம்?"

"படிக்கத்தான். பொழுது போகலை."

"ஒரு பத்து நிமிஷம் மேடம்... ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வர்றேன்!"

ஓடினார். வேர்த்து வழியத் திரும்பினார். கையில் ஒரு கவர்.

"சீல் வைக்க அவசியமே இல்ல மேடம். இது கம்பெனி வண்டியே இல்ல! நேத்தே முழுப் பணமும் ரொக்கமா வாங்கிட்டேன். பதினோரு லட்சம்! கடனே கிடையாது. வண்டியை அவன் பேருக்கு மாத்தி எழுதி, சாவியையும் அவன் கையில குடுத்துட்டேன். இதோ பேர் மாத்துற படிவம். அவன் கையெழுத்து, என் கையெழுத்து. இதோ பாக்கி இல்லைன்னு லெட்டர். தேதி பாருங்க... நேத்து தேதி! நேத்து சாயந்திரத்திலிருந்து அது அவன் வண்டி, அவன் சாவி, அவன் பொறுப்பு!"

"பொய்!" டிரைவர் பாய்ந்தான். கான்ஸ்டபிள் இழுத்துப் பிடித்தான். "ரெண்டு லட்சம்தான் மேடம் குடுத்தேன்! மீதி ஒன்பது லட்சம் தவணை! சாவியை நான் கண்ணால கூட பார்க்கலை!"

"படிவத்தில இருக்கிற கையெழுத்து உன்னுதா?"

அவன் பார்த்தான். 

"என்னுதுதான்... ஆனா நான் போட்டப்போ அதுல ஒண்ணும் எழுதலை மேடம். பதினேழு இடத்துல வெறும் தாள்ல கையெழுத்து வாங்கினாங்க. எல்லாருக்கும் இதுதான் வழக்கம்னாங்க..."

அண்ணன் முன்னால் வந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்.

"தம்பி. கொலை பண்ணியான்னு நான் கேட்கப்போறதில்ல. நம்ம வீட்டுல பொறந்தவன் பண்ணமாட்டான். இதுக்கு மட்டும் பதில் சொல்லு. வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டியா, இல்லையா?"

"போட்டேண்ணே..."

பளார்!

"பெரியவரே! போலீஸ் முன்னாடி அடிக்காதீங்க!" கான்ஸ்டபிள் பதறினான்.

"நீங்க அடிக்கிறதுக்கு முன்னாடி அடிக்கிற உரிமை எனக்குத்தான் இருக்கு!" அண்ணனின் குரல் நடுங்கியது. "நாலு தலைமுறையா எங்க வீட்டுல எழுதாத தாள்ல எவனும் கை வச்சதில்ல. வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடறவன் கழுத்தை எழுதிக் கொடுக்கிறான்டா! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுடுவீங்கண்ணே... வண்டி கைவிட்டுப் போயிடும்னு..."

"போனா போகட்டும்! மானம் போனா எந்த ஃபைனான்ஸ்ல தவணைக்குக் கிடைக்கும்?"

"மாமா!" மனைவி குறுக்கே வந்தாள். மெத்தையை மார்போடு இறுக்கியிருந்தாள். "அவரை அப்புறம் அடிங்க. நானும் சேர்ந்து அடிக்கிறேன். இப்போ அந்த ஆளைப் பாருங்க! வேர்க்குது பாருங்க! உண்மை பேசறவனுக்கு இந்தக் காலையில எதுக்கு இப்படி வேர்க்குது?"

முதலாளி கைக்குட்டையைத் தேடினார்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மடித்தாள்.

"இதுல எழுதினது எல்லாம் சத்தியமா சார்?"

"சத்தியம் மேடம்!"

"அப்போ இதையே வாக்குமூலமா எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்க. சாட்சிக்கு உங்க ஆபீஸ் ஆளுங்க ரெண்டு பேர்."

போட்டார். சந்தோஷமாகப் போட்டார்!

டிரைவரின் மனைவி இன்ஸ்பெக்டரை எரித்துவிடுவது போல் பார்த்தாள். இவளும் விலைபோனவள்தானா?

இன்ஸ்பெக்டர் அதைக் கவனிக்கவில்லை. லாரியின் டிரைவர் பக்கம் நடந்தாள்.

"அடி இந்தக் கதவுப் பக்கமிருந்து விழுந்திருக்கு. கண்ணாடி மேலே ஏத்தியிருக்கு. அடிச்சவன் இதைத் திறந்துதான் அடிச்சிருக்கான்." கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை. "யோவ், நீ இழு."

கான்ஸ்டபிள் காலை ஊன்றி இழுத்தான். ம்ஹூம்!

"அந்தக் கதவு திறக்காது மேடம்" என்றார் முதலாளி. "நானும் கொக்கியும் கிளீனர் பக்கமாத்தான் ஏறுவோம். அது செத்த கதவு."

"டிரைவர், நீ வா."

டிரைவர் இழுத்தான். தள்ளினான். குத்தினான். பத்தொன்பது வருட அனுபவம் அந்தக் கதவிடம் செல்லுபடியாகவில்லை.

"நடிக்கிறான் மேடம்!" என்றார் முதலாளி.

"இருக்கலாம்." இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தினாள். "யோவ், ஜீப்ல கடப்பாரை இருக்கு. எடுத்துட்டு வா. இந்தக் கதவைப் பிளந்து எறி! உள்பக்கம் கைரேகை எடுக்கணும். கண்ணாடி உடைஞ்சாலும் பரவாயில்ல."

கடப்பாரை வந்தது. கான்ஸ்டபிள் கதவின் இடுக்கில் முனையைச் செருகினான். தகரம் கிறீச்சிட்டது. சிவப்புப் பெயின்ட் உரிந்தது...

"வேணாம்!"

யார்டே திரும்பிப் பார்த்தது.

கேட்டருகில் நின்றிருந்த வாட்ச்மேன். அறுபதை நெருங்கும் வயது. ஓடி வந்து கான்ஸ்டபிளின் கையிலிருந்த கடப்பாரையைப் பிடித்துக்கொண்டான்.

"உடைக்காதீங்கய்யா! பச்சைப் புள்ளையை அடிக்கிற மாதிரி அடிக்கிறீங்களே! இது அப்படித் திறக்காது... தள்ளுங்க!"

கைப்பிடியை மேல்நோக்கித் தூக்கினான். இடுப்பால் கதவின் அடியில் ஒரு இடி இடித்தான்.

டக்!

கதவு வெண்ணெயாகத் திறந்தது.

பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கை கைப்பிடியிலேயே உறைந்தது.



"அழகா திறக்கறீங்களே" என்றாள் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "வண்டிச் சாவியெல்லாம் ஆபீஸ் பெட்டியில. வாட்ச்மேனுக்கு ஒரு கேபினுக்குள்ளயும் வேலையில்ல. அப்புறம் எப்படி இந்தக் கதவோட கோணல் உங்களுக்குத் தெரியும்?"

 வாட்ச்மேன் கடப்பாரை கீறிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"ஏன்னா..." என்றான். "இந்தக் கோணலே என்னாலதாம்மா வந்தது. வாங்கின முதல் மாசம் ஒரு மரத்துல உரசிட்டேன்."

"வாங்கின...?"

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி, ஷோரூம்ல இருந்து இதை வெளியே ஓட்டிட்டு வந்தவன் நான். முதல் முதலாளி நான்!"

ஃபைனான்ஸ் முதலாளியின் வாய் பிளந்தது. "நீ... நீயா? அந்த...?"

"பார்த்தீங்களாம்மா? இப்போதான் ஞாபகம் வருது!" வாட்ச்மேனின் குரல் திடீரென்று வெடித்தது. "மூணு வருஷமா இவர் கேட்டை நான் திறக்கிறேன். மூணு வருஷமா கொக்கிக்கு சல்யூட் அடிக்கிறேன். ரெண்டு பேருக்கும் என் மூஞ்சி ஞாபகம் இல்ல! முப்பத்தாறு தவணையில முப்பத்து நாலு கட்டினேன்மா. முப்பத்து நாலு! லோடு புக்கிங் ஆபீஸும் இவருதுதான். மீதி ரெண்டு இருக்கிறப்போ லோடை நிறுத்தினாரு. லோடு இல்லாம எப்படித் தவணை கட்டறது? நடுரோட்டுல மறிச்சான் கொக்கி. வண்டியில என் பொண்டாட்டி, கட்டிக்குடுக்கப் போற பொண்ணு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. எல்லார் முன்னாடியும் காலரைப் பிடிச்சு இறக்கினான். அந்தக் கல்யாணம் நின்னுபோச்சு. பொண்ணு இன்னும் வீட்டுலதான் இருக்கா!"

டிரைவரின் அண்ணன் கண்களை மூடிக்கொண்டார்.

"அப்புறம் ஏன் இங்கேயே வேலைக்கு வந்தீங்க?"

"வண்டியை வேற எப்படிப் பார்க்கிறது?" சாதாரணமாகக் கேட்டான் வாட்ச்மேன். "விற்பாங்க. பத்து மாசத்துல பிடுங்கிட்டு வருவாங்க. எனக்கு அப்புறம் மூணு பேரு. ஒவ்வொருத்தனும் அழுதுட்டுப் போனான். ஒவ்வொரு தடவையும் இது கொஞ்சம் கிழவியாகித் திரும்பி வந்துச்சு."

"இன்னிக்கு என்ன நடந்தது?"

"ஏழு மணிக்குக் கொக்கி வந்தான். டெலிவரிக்கு முன்னாடி இன்ஜினைப் போட்டுப் பார்க்க உள்ள ஏறினான். முதலாளிக்குப் போன் பண்ணினான். கிளீனர் பக்க ஜன்னல் திறந்திருந்துச்சு. 'இந்த டிரைவர் ரோஷக்காரன் சார். பத்து மாசம் ஒழுங்கா கட்டுவான். அப்புறம் லோடை நிறுத்துங்க. ஆறாவது கிராக்கிக்குத் தள்ளிடலாம். இவன் அண்ணன் வீடு வேற போனஸ்!'னு சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே சிகரெட்டை என் டாஷ்போர்டுல வச்சு நசுக்கினான்மா. என் டாஷ்போர்டுல!"

அவன் கைகள் தாமாக மூடின.

"வீல் ஸ்பேனர் பக்கத்துல கிடந்துச்சு. கதவைத் தூக்கித் தள்ளினேன். அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் கொக்கியின் செல்போனைப் பார்த்தாள். கடைசி அழைப்பு: ஏழு மணி இரண்டு நிமிடம். 'முதலாளி.'

"இந்த டிரைவரை நாங்க கொண்டு போயிருந்தா... வாயைத் திறந்திருப்பீங்களா?"



"திறந்திருப்பேன்னு நினைக்கிறேன்" என்றான் வாட்ச்மேன். டிரைவரைப் பார்க்காமல். "சத்தியமா தெரியலைம்மா."

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தான். வாட்ச்மேன் கைகளை நீட்டினான். ஜீப்பில் ஏறும் முன் ஒரு முறை திரும்பினான்.

"தம்பி... கதவைத் தூக்கி இடிக்கணும். இழுக்காதே. இழுத்தா கோவிச்சுக்கும்."

ஜீப்பின் பின்கதவு மூடியது.

ஃபைனான்ஸ் முதலாளி பெருமூச்சு விட்டார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"அப்பாடா... கொலைகாரன் கிடைச்சுட்டான். டிரைவர் தம்பி, மனசுல எதையும் வச்சுக்காதே. வா, ஆபீஸ்ல உட்கார்ந்து தவணையைப் பத்திப் பேசுவோம். மேடம், அந்த லெட்டரைக் கொஞ்சம் திருப்பிக் குடுத்தீங்கன்னா..."

"எந்த லெட்டர்?"

"அதான்... பாக்கி இல்லைன்னு..."

"ஓ, அதுவா!" இன்ஸ்பெக்டர் கவரை வெளியே எடுத்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை. "முழுப் பணமும் வாங்கிட்டீங்க. கடனே கிடையாது. வண்டியை மாத்தி எழுதிட்டீங்க. சத்தியம் வேற பண்ணினீங்க. அப்புறம் என்ன தவணை?"

"அது... சும்மா... ஒரு அவசரத்துல எழுதினது மேடம்!"

"சும்மாவா?" அவள் குரலில் முதல்முறையாகக் கோபம் கொதித்தது. "ஏழு மணிக்குக் கொக்கி சாவியோட இந்த வண்டியில உட்கார்ந்து உங்ககிட்டப் பேசியிருக்கான். அது தெரிஞ்சும், சாவி நேத்தே டிரைவர் கைக்குப் போச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. கொலைக் கேஸ்ல பொய் ஆவணம்! ஒண்ணும் செய்யாத ஒருத்தனைத் தூக்குல ஏத்தப் பார்த்திருக்கீங்க! அப்படித்தானே?"

"இல்ல... இல்ல மேடம்!"

"அப்போ லெட்டர் நிஜம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பொய்னா, வாட்ச்மேன் பக்கத்து அறை காலியா இருக்கு. நிஜம்னா, லாரி இவரோடது."



முதலாளி லாரியைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். மறுபடி லாரியைப் பார்த்தார்.

"நி... நிஜம்தான் மேடம்."

"சத்தமா."

"நிஜம்!"

"கடன் முடிஞ்சதுன்னா ஜாமீன் பத்திரம் எதுக்கு உங்க பெட்டியில தூங்குது? எடுத்துட்டு வாங்க. வர்றப்போ இந்த வண்டியை வாங்கி இழந்த மூணு பேர் ஃபைலையும் கொண்டு வாங்க. எனக்கு இன்னும் பொழுது போகலை."

பத்திரம் வந்தது. அண்ணன் அதை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு எழுத்து விடாமல் படித்தார். பிறகுதான் சட்டைக்குள் வைத்தார்.

"கொலை நடந்த வண்டி, இப்போ கேஸ் சாட்சி. கோர்ட்டுல மனு போட்டு எடுத்துக்கப்பா" என்றாள் இன்ஸ்பெக்டர். "ரெண்டு மூணு வாரம் ஆகும்."

"மேடம், ஒரு நிமிஷம்." அண்ணன் நிமிர்ந்தார். "இந்த வண்டி எங்களுக்கு இப்படி வேணாம்."

"அண்ணே!"

"மாமா!"

"சும்மா இருங்க ரெண்டு பேரும்! ரெண்டு லட்சம் குடுத்துட்டு பதினோரு லட்சம் வண்டியை ஓட்டிட்டுப் போனா, இந்த ஆளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? மீதி ஒன்பது லட்சம் நம்ம தலைமேல இருக்கிற கடன்தான். ஒரு மாசம் கூடத் தவறக்கூடாது."

முதலாளியின் முகத்தில் சூரியன் உதித்தது. "பெரிய மனுஷன்னா இவர்தான் மேடம்! பரம்பரை அப்படி! ஒண்ணாந்தேதி நானே ஆளை அனுப்பி..."

"உனக்கு யார் குடுத்தா?" அண்ணன் அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு முறை அளந்தார். "உனக்குத்தான் நேத்தே முழுசா வந்துடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டியே! முப்பத்து நாலு தவணை கட்டிட்டு ஜீப்புல விலங்கோட உட்கார்ந்திருக்கான் பாரு ஒருத்தன்... அவன் வீட்டுல ஒரு பொண்ணு கல்யாணத்துக்குக் காத்துக்கிட்டிருக்கா. தவணை அந்த வீட்டுக்குப் போகும். மாசா மாசம் ஒண்ணாந்தேதி. என் தம்பி கட்டலைன்னா என் மிஷினை வித்து நான் கட்டுவேன்!"

டிரைவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். கன்னம் இன்னும் சிவந்திருந்தது.

மனைவி மெத்தையை லாரியின் படியில் வைத்தாள். மறுபடி எடுக்கக் குனிந்தாள். "எடுத்துட்டுப் போகாதேம்மா, அது இங்கயே இருக்கட்டும்" என்றான் கான்ஸ்டபிள் மெதுவாக.

ஃபைனான்ஸ் முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்தார். தலையில் அடித்துக்கொண்டார். ஒன்பது லட்சம்... ஒரு வீடு... ஆறாவது கிராக்கி... எல்லாம் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தன. வாய்விட்டு, ஊர் கேட்க, ஓவென்று அழ ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறிக்கொண்டே திரும்பினாள்.

"ஏன் சார் மொத்தமா அழறீங்க? உங்க கம்பெனி வழக்கப்படி... மாசத் தவணையில அழுங்க!"